1941ஆம் ஆண்டின் கணக்கு

(கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் சற்றுமுன் ஆண்டறிக்கையை வாசித்தார். வந்த புகார்கள், தீர்ந்த புகார்கள், இலாகாவில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் புகார்கள், வரவு, செலவு, கையிருப்பு எல்லாவற்றையும் கேட்டீர்கள். அவற்றைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் விவாதத்தில் பேசுவார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓராண்டுப் பணி: ஒரு பார்வை’ என்பது. எந்த ஆண்டு என்று நிர்வாகக் குழுவினர் குறிப்பிடவில்லை. அந்த வசதியை வைத்துக்கொண்டு நாங்கள் 1941ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறோம்.

அந்த ஆண்டில் கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் செய்த வேலைக்கு அவர்கள் கையால் எழுதிய ஆண்டறிக்கை கிடையாது. எழுதியவர்கள் போலீஸ் அதிகாரிகள், துரைமார், தொழிலாளர் இலாகாவினர். பிறகு பல ஆண்டுகள் கழித்துக் கல்விமான்கள் அந்தக் கோப்புகளைப் புரட்டி நூல் எழுதினார்கள். ஆகவே அந்த ஆண்டின் கணக்கை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கூலி. 1937இல் முக்கியமான ரப்பர்ப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளியின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. 1938இல் ரப்பர் விலை விழுந்தது என்று காரணம் காட்டி அதையும் 45, 36 என்று குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார், பயணச்செலவு கொடுத்துத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அழைத்துச் செல்வதைத் தடை செய்தது. அதற்கு முன்பு, 1936இன் கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் ஆள் அனுப்புவதை நிறுத்தக் காரணம் ஏதுமில்லை என்றும் எழுதிவிட்டுப் போனார். அவர் பெரிய படிப்பாளி, நாவன்மை படைத்தவர். ஆயினும் அவர் பார்த்துப் போன நாட்டில் நாலே ஆண்டுகளில் என்ன வெடித்தது என்பதை வைத்துப் பார்த்தால், விருந்தாளியாக வந்து பார்ப்பதற்கும் லயத்தில் படுத்து எழுவதற்கும் உள்ள தூரம் தெரியும்.

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. அரிசி, துணி விலையும் ஏறியது. முதலாளிமார்களின் இலாபம் ஏறியதற்கேற்பத் தமிழனின் கூலி ஏறவில்லை. பக்கத்திலேயே சீனத் தொழிலாளி அதே மரத்தை வெட்டி அதிகக் கூலி வாங்கினார். அவர் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார் என்பதும் நம்மவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. 1940இல் தொழிற்சங்கச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. காகிதத்தில் சட்டம் இருந்தது. தோட்டத்துக்குள் நாலு பேர் கூடி நின்று பேசினால் வேலை போயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. முன்னின்றவர்களில் இருவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. ஒருவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். மற்றவர் ஒய். கே. மேனன். (1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதற்கு இரங்கல் கூட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் சந்தா கட்டினார்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.) இவர்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். காந்தி குல்லாய் அணிந்த இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1941 பிப்ரவரி முதல் வேலைநிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அப்போது எழுந்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றை இங்கே வரிசையாக ஒப்புவிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம். பன்னிரண்டில் கூலியைப் பற்றியது ஒன்றே ஒன்று: சீனருக்குக் கொடுப்பதை இந்தியருக்கும் கொடு என்பது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோயாளிக்கு ஒழுங்கான மருந்து, கள்ளுக்கடையை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, சங்கம் வைக்க அனுமதி, குறை சொன்னவனைப் பழிவாங்காமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடையின்மை ஆகியவையெல்லாம் மற்ற கோரிக்கைகளில் அடங்கும்.

அந்தப் பட்டியலில் சைக்கிளைப் பற்றியும் ஒன்று உண்டு. தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரையோ, தோட்டத்து உத்தியோகஸ்தரோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அப்படி இறங்காமல் ஏறியபடியே போக விட வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளப் பேச்சுவார்த்தையின் நடுவே இது என்ன சில்லறைக் கோரிக்கை என்று அன்று தோட்டக்காரர்களுக்குத் தோன்றியிருக்கலாம். இன்றும் படித்தவர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுப் புன்னகை செய்வதைப் பார்க்கிறோம். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் சேர்த்துவிட்டு வருகிறவன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கியது அந்தச் சைக்கிள். தோட்டத்தில் அவனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறென்ன இருந்தது? லயம் கம்பெனியுடையது, மரம் கம்பெனியுடையது, மங்கும் வாளியும் கம்பெனியுடையவை. சொந்தப் பொருளின்மேல் உட்கார்ந்திருக்கக்கூட ஒருவனுடைய முகம் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாழ்க்கைக்குப் பெயர் என்ன? ஐந்து காசு உயர்த்திக் கொடுத்து அடைக்க முடியாத குறை இது என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்தது எங்கள் சங்கதி. தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொல் இருப்பது இந்த இடத்தில் உதவுகிறது. கொடுமை செய்யும் கிராணிமாரையும் மற்ற உத்தியோகஸ்தரையும் நீக்கிவிட்டுத் தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைக்க வேண்டும் என்பதும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அன்று தொழிலாளர்கள் ‘நாம்’ என்று சொன்னபோது அதற்குள் கிராணி இல்லை. செக்ரோல் அவன் கையில் இருந்தது. முழுநாளை அரைநாளாக எழுதுவது அவன் பேனா. துரைக்குத் தெரியாத தமிழும் தொழிலாளிக்குத் தெரியாத இங்கிலீஷும் அவனிடம் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் என்ன சொன்னான், என்ன விட்டான் என்பதைக் கேட்பார் இல்லை. வெள்ளைக்காரனைப் போல் நடந்துகொண்ட கறுப்பு வெள்ளைக்காரர் என்றே அந்தக் காலத்துக் கோரிக்கை ஒன்று அப்படிப்பட்டவர்களைக் குறிப்பிடுகிறது.

இதை ஏதோ ஒரு இனத்தாரின்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளச் சிலர் பார்க்கிறார்கள். ஆபீஸ் உத்தியோகங்களில் அன்று மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் மிகுதி என்பது மெய்யே. ஆனால் அந்தப் போராட்டத்தில் முன்னின்ற மேனன் பெயரிலேயே மலையாளி. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்ற பி. பி. நாராயணனும் கேரளத்தில் பிறந்தவர். ஆகவே அது சாதி இனக் கதையன்று. பேனா பிடித்தவன் யார் பக்கம் நின்று எழுதினான் என்ற கதை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து ஆபீசுக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் அந்தக் கோரிக்கையின் பலன் என்றே சொல்லலாம். பலன் நல்ல பலனா என்பதை நீங்கள் ஒவ்வொரு சம்பள நாளிலும் தீர்மானிக்கிறீர்கள்.

தாய்மார்களே, உங்களைப் பற்றிய கோரிக்கையும் அதில் இருந்தது. வெள்ளைத் துரைமாரும் கறுப்பு வெள்ளைக்காரரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். வெளியே சொன்னால் குடும்ப மானம் போகும் என்று அதுவரை லயத்துக்குள்ளேயே புதைத்து வைத்திருந்த ஒன்றை ஊரறியக் கோரிக்கையாக வைப்பதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! அதே வேளையில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சீனருக்குச் சமமாக இந்தியருக்குக் கூலி கேட்டவர்கள், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்குக் கூலி கேட்கவில்லை. ஒரே மரம், ஒரே கத்தி, ஒரே மழை. கூலி மட்டும் பத்துக் காசு குறைவு. அந்தப் பத்துக் காசு பட்டியலில் ஏறவே இல்லை. எழுத உட்கார்ந்தவர்களில் பெண்கள் இருந்திருந்தால் பதின்மூன்றாவது ஒன்று இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. முதல் சுற்று வேலைநிறுத்தத்தில் கூலி கொஞ்சம் உயர்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடு என்று தொழிலாளர்கள் திரண்டார்கள், வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. சர்க்கார் போலீசையும் பட்டாளத்தையும் இறக்கியது. வந்த பட்டாளம் இந்தியப் பட்டாளம் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார், வேறு பலரும் கப்பலேற்றப்பட்டார்கள். நடந்ததைப் பற்றி விசாரணை வேண்டும் என்று இந்தியாவிலிருந்து கோரிக்கை எழுந்தது. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினார்கள். அதோடு விசாரணையும் போயிற்று. அதன்பின் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களில் அந்த மே மாதத்தில் கிள்ளானில் நின்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களோடு எத்தனை சாட்சியங்கள் மண்ணுக்குள் போயினவோ!

இனிக் கல்விமான்களுக்கு வருவோம். அவர்களைப் பற்றித் தோட்டப்புறத்தில் நிலவும் ஏளனம் எங்களுக்கு உடன்பாடானதல்ல. “பேனாக்காரன் வந்தான், படம் பிடித்தான், பட்டம் வாங்கினான்” என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளை நாங்கள் இன்று இந்த மேடையில் நின்று சொல்லியிருக்க முடியாது. கர்னியல் சிங் சந்து 1969இலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் மலாயா இந்தியர் வரலாற்றைப் பெருநூல்களாகத் தந்தார்கள். மைக்கேல் ஸ்டென்சனின் நூல் 1980இல் வந்தது. அடுத்த ஆண்டில், 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு எச். ஈ. வில்சன் எழுதிய ஆய்வைச் சிங்கப்பூர் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் வெளியிட்டது. எல்லாம் இங்கிலீஷில் இருப்பதால் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. அதற்காக எழுதியவர்களைக் குறை சொல்வதா, மொழிபெயர்க்காத நம்மைக் குறை சொல்வதா என்பதைக் கூட்டம் தீர்மானிக்கட்டும்.

அவர்கள் செய்த பெரிய உதவி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு கலகக்காரன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த கூலிகளைக் கெடுத்துவிட்டான் என்பது அன்றைய துரைமாரின் வாதம். குறைகள் நாதனுக்கு முன்பே மலைபோல் குவிந்திருந்தன என்பதை அந்தத் துரைமாரின் காலத்துக் காகிதங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் நிலைநாட்டினார்கள். இது சங்கக்காரன் மேடையில் முழங்கிச் செய்யக்கூடிய காரியமல்ல.

ஆனால் கோப்பை வைத்து எழுதுகிறவருக்குக் கோப்பில் உள்ளவர்தான் தெரிவார். போலீஸ் கோப்பில் தலைவர்கள் பெயர் இருக்கும். வேலைநிறுத்த நாட்களில் யார் வீட்டு அரிசி யார் வீட்டு உலைக்குப் போயிற்று என்பது இருக்காது. அது தேசிய எழுச்சியா, தொழிலாளர் போராட்டமா என்று படித்தவர்கள் ஒரு கேள்வி போட்டுக்கொண்டு நெடுநாள் வாதாடலாம். காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு சைக்கிளில் இறங்காமல் போக விரும்பியவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்லியிருப்பானா?

சரியான நேரத்தில் வந்த படிப்பாளியும் நம் நாட்டில் உண்டு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். தொழிலாளர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்திலேயே செய்த வேலை அது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியதும் அதே துண்டாடலுக்கு எதிராகத்தான். ஒருவர் கணக்கெடுத்தார், ஒருவர் காசு திரட்டினார். இரண்டு வேலையும் ஒரே காலத்தில் நடந்தது. 1941க்கு அந்தப் பாக்கியம் இல்லை. கல்விமான் வந்து சேர முப்பது நாற்பது ஆண்டுகள் ஆயின.

பன்னிரண்டில் எத்தனை நிறைவேறின என்று தோழர் ஒருவர் காலையில் கேட்டார். சங்கம் வைக்கும் உரிமை வந்தது. கிள்ளானில் சுடப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாயின. கள்ளுக்கடை அவ்வளவு எளிதில் போகவில்லை. அதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், விட்டுவிடுவோம். ஆண், பெண், இனம் என்று பாராமல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 2013இல்தான் வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 வெள்ளி. சைக்கிளைப் பற்றி இன்று யாருக்கும் கவலையில்லை, எல்லாரும் மோட்டார் வண்டிதான்.

ஆனால் உறவினர் வந்து பார்க்கத் தடை கூடாது, குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்ற அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாட்டின் தோட்டங்களில் உழைக்கும் கைகளில் பல, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. கடவுச்சீட்டு அடுத்தவர் பெட்டியில் இருந்தால் அந்தத் தொழிலாளி யாரிடம் போய்க் குறை சொல்வான்? சொன்னால் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயம் 1941இல் நம்மவர்களுக்கு இருந்தது, இன்று அவனுக்கு இருக்கிறது. “அவன் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை” என்று நம் லயத்திலேயே பேசுகிறோம். தமிழனைக் காட்டிச் சீனனின் கூலியைக் குறைக்கப் பார்த்த தந்திரம் அன்று இருந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறோம். சங்க உறுப்பினர் விண்ணப்பத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் இந்த ஆண்டு நிர்வாகக் குழுவில் சொல்லி வருகிறோம். எதிர்ப்பும் இருக்கிறது. விவாதத்தில் அதைத் தைரியமாகப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரப்பர் அழிந்து எண்ணெய்ப்பனை வந்தது, எண்ணெய்ப்பனை அழிந்து வீடமைப்பு வருகிறது. தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் பேரேடுகளைச் செல்லுக்குக் கொடுப்பார்கள் அல்லது நெருப்புக்குக் கொடுப்பார்கள். நம் கிளைக் குறிப்பேடு பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். அவர் குடிபெயர்ந்தால் அதுவும் போயிற்று. அதில் எழுதியிருப்பதும் என்ன? “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது” என்று ஒரு வரி. யார் எதிர்த்துப் பேசினார், என்ன காரணம் சொன்னார், எந்த அம்மாள் எழுந்து நின்று கேட்டதனால் மானேஜர் இறங்கி வந்தார் என்பது இல்லை. தோற்ற வழக்குகளை எழுதுவதே இல்லை.

1941இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவர் எவராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அடுத்த ஆண்டுக் கூட்டம்வரை காத்திராமல் போய்க் கேளுங்கள். கைத்தொலைபேசியில் பேச்சைப் பதிவு செய்ய உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். சொன்னவரின் அனுமதியோடு ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்பலாம்.

கிளைக்காகத் தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறோம். செயலாளர் மேசையின்மேல் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாம் பக்கத்திலிருந்து இந்த ஆண்டு நடந்தவை. வேலை முடிந்து குளித்துவிட்டு வருகிறவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வாருங்கள். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதி, எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்கிறோம்.